மூன்று சக்கரத்தில் கணவாயும் மலையும்

சாய்விருக்கை மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டுபவர் முதுகைப் பின்னால் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கும் குறைவான உயரத்தில் அமர்ந்து பெடல் மிதிக்கிறார். உடல் எடையை இருக்கை முழுவதும் தாங்குவதால் கைகளும் மணிக்கட்டும் கழுத்தும் சுமை தூக்குவதில்லை. மூன்று சக்கரங்களும் தரையில் ஊன்றியிருப்பதால் வண்டி நின்றாலும் சாயாது; நகர்ந்தாலும் சமநிலை காக்க வேண்டியதில்லை. டிரைக் என்று சுருக்கமாக வழங்கும் இவ்வண்டி இந்தியச் சாலைகளில் இன்னும் அரிது. ஆனால் அதைக் கற்றுக்கொள்வதற்கான எல்லாப் பாடங்களும் தமிழகத்தை ஒட்டிய கேரள எல்லையில் வரிசையாகவே அமைந்திருக்கின்றன. பாலக்காட்டுப் பக்கம் சமவெளியும் காற்றும். இடுக்கிப் பக்கம் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும்.

இருவகை அமைப்பு

ஒற்றைச் சக்கரம் முன்னும் இரட்டைச் சக்கரம் பின்னும் இருந்தால் அது டெல்டா வகை. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் இந்த அமைப்புதான். இரட்டைச் சக்கரம் முன்னும் ஒற்றைச் சக்கரம் பின்னும் இருந்தால் டாட்போல் வகை. டெல்டாவில் இருக்கை சற்று உயரம். ஏறி இறங்குவது எளிது. குறுகிய இடத்தில் திரும்பும். டாட்போலில் இருக்கை தாழ்ந்து, இரு முன்சக்கரங்களுக்கு இடையே அமையும். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்கள் மேல் விழுவதால் பிரேக்கும் திருப்பமும் உறுதியாக இருக்கும். மூட்டு வலியுள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் டெல்டா ஏற்றது. நெடுந்தூரமும் மலையும் நினைப்பவர்கள் பெரும்பாலும் டாட்போலைத் தேர்கிறார்கள்.

இருசக்கர சைக்கிள் வளைவில் உள்பக்கம் சாய்கிறது. அதனால் அதன் சக்கரத்தின் மீது பக்கவாட்டு விசை அதிகம் விழுவதில்லை. டிரைக் சாய்வதில்லை. வளைவின் முழுப் பக்க விசையையும் ரிம்மும் ஸ்போக் கம்பிகளும் தாங்க வேண்டும். பெரிய சக்கரத்தைவிடச் சிறிய சக்கரம் இந்த விசைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான டிரைக்குகளின் முன்சக்கரம் 20 அங்குலமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தடையால் தடைபட்ட வரலாறு

மூன்று சக்கர சைக்கிள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1870-களிலேயே மூன்று சக்கர சைக்கிள்களைச் செய்தார். வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியல் பற்சக்கரத்தை 1877-இல் அவற்றுக்குப் பொருத்தினார்.

சாய்ந்து ஓட்டும் முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பிரான்சின் சார்ல் மோஷே. அவர் வடிவமைத்த வெலோகார் வண்டியில் 1933 ஜூலை 7 அன்று ஃபிரான்சிஸ் ஃபோர் பாரிஸ் ஓட்டத்திடலில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914-இல் ஆஸ்கர் எக் நிறுவிய சாதனை அதோடு முறிந்தது. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம், பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்து, சாய்விருக்கை வண்டிகளைப் போட்டியிலிருந்து விலக்கியது. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய நிறுவனங்கள் செய்ய முன்வரவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் இந்த வடிவம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

1976-இல் கலிஃபோர்னியாவில் மனித ஆற்றல் வாகனங்களுக்கான சர்வதேசச் சங்கம் உருவான பிறகு ஆர்வம் திரும்பியது. பிரிட்டனின் மைக் பரோஸ் உருவாக்கிய விண்ட்சீட்டா, இன்றைய டாட்போல் டிரைக்குகளுக்கு முன்னோடி. அந்த வண்டியில் ஆண்டி வில்கின்சன் 1996-இல் பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரை, 1,300 கி.மீ.-க்கு மேற்பட்ட தொலைவை, 41 மணி 4 நிமிடத்தில் கடந்தார். ஆஸ்திரேலியாவில் இயன் சிம்ஸ் தொடங்கிய கிரீன்ஸ்பீடு நிறுவனம் நெடும்பயண டிரைக்கைப் பரப்பியது. இந்தியாவில் எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பின் வடக்குப் பிரிவு நடத்திவரும் எஃபிசைக்கிள் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள், இருவர் அமர்ந்து மிதிக்கும், மோட்டார் துணையுள்ள மூன்று சக்கர வண்டிகளைத் தாங்களே வடிவமைத்துச் செய்கிறார்கள்.

ஓட்டுவதற்கு முன்

டிரைக் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பெடலுக்கும் இருக்கைக்கும் இடையிலான தூரத்தைக் காலுக்கு ஏற்ப அமைப்பது. பெடலைத் தாங்கும் முன்குழாய் உள்ளே வெளியே நகரும். இருக்கையில் நன்றாகப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, பெடல் மிகத் தொலைவில் இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். தூரம் குறைந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கூடினால் பின்பக்கமும் இடுப்பும் வலிக்கும். முன்குழாயை நகர்த்தும்போது செயின் நீளமும் மாற வேண்டியிருக்கும். சாதாரண சைக்கிளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுள்ள செயின் இதில் ஓடுகிறது.

இரண்டாவது, பாதத்தைப் பெடலோடு பிணைப்பது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. இருசக்கர சைக்கிளில் கால் வழுக்கினால் கீழே தொங்கும், பெரிய ஆபத்தில்லை. டிரைக்கில் பெடலிலிருந்து நழுவிய பாதம் தரையில் பட்டால், முன்னேறிக்கொண்டிருக்கும் வண்டி அந்தக் காலையே அடியில் இழுத்துக்கொள்ளும். கணுக்காலும் முழங்காலும் முறியக்கூடிய விபத்து அது. பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணி, அல்லது குதிகாலைத் தாங்கும் பட்டை, இரண்டில் ஒன்று முதல் நாளிலிருந்தே தேவை. வண்டி நின்றாலும் சாயாது என்பதால் காலைத் தரையில் ஊன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது, கண்ணாடியும் கொடியும். சாய்ந்து அமர்ந்தவரால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகளில் வலப்பக்கக் கண்ணாடி கட்டாயம். இரு பக்கமும் இருந்தால் நல்லது. டிரைக்கில் அமர்ந்தவரின் கண், கார் ஓட்டுபவரின் கண்ணைவிடத் தாழ்வானது. பேருந்து ஓட்டுநர் பக்கத்தில் வந்துவிட்ட டிரைக்கைப் பார்க்காமலே போகலாம். ஆறடி உயரத்துக்கு எழும் பளிச்சென்ற கொடியும், பகலிலும் எரியும் பின்விளக்கும் இந்தக் குறையை ஈடுசெய்கின்றன.

முதல் பாடம்: சமவெளி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, நடுவே 30 கி.மீ.-க்கும் கூடுதலான அகலத்தில் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. இடைத்தூரம் 50 கி.மீ. அளவு. அதாவது ஆயிரம் மீட்டர் போனால் ஆறேழு மீட்டர்தான் சரிவு. வாளையாறு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை லாரிகளுக்கு உரியது. புதிதாகப் பழகுபவருக்கு அது வேண்டாம். தமிழ் பேசும் மக்கள் நிறைந்த கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதியின் கிளைச்சாலைகளும், மீனாட்சிபுரத்திலிருந்து முதலமடை, கொல்லங்கோடு நோக்கிப் போகும் மலையடிவாரச் சாலைகளும் பொருத்தமானவை. வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக விரியும் தட்டையான நிலம் அது. பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதை அதே வழியில் போவதே அந்த நிலத்தின் மென்மையான சரிவுக்குச் சான்று.

சாலைக்கு வரும் முன் வாகனம் இல்லாத மைதானம் ஒன்று வேண்டும். முதலில் மெதுவாக உருட்டிப் பிரேக் பிடித்துப் பழக வேண்டும். பல டிரைக்குகளில் இடக்கைப் பிரேக் இட முன்சக்கரத்தையும் வலக்கைப் பிரேக் வல முன்சக்கரத்தையும் தனித்தனியே பிடிக்கும். ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டையும் சமமாக அழுத்தினால் நேராக நிற்கும். மிகக் கடுமையாகப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழலாம். நிறுத்திய பிறகு பூட்டிவைக்கும் பிரேக் தனியாக உண்டு. அதைப் போடாமல் இறங்கினால், சரிவில் வண்டி தானாகவே உருண்டு போகும்.

அடுத்தது கைப்பிடி. புதியவர் அதை இறுகப் பிடிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி இடமும் வலமும் அலையும். பிடியைத் தளர்த்தி, மிதியைச் சீராக்கினால் அலைச்சல் நிற்கும். எழுந்து நின்று மிதிக்கும் வசதி இதில் இல்லை. முதுகு இருக்கையில் முட்டுக்கொடுத்திருப்பதால் கனமான கியரில் உடல் எடையைவிட அதிக விசையோடு தள்ள முடியும்; அந்த விசை முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். இலகுவான கியரில் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சுற்று என வேகமாக மிதிப்பதே சரியான பழக்கம். பல ஆண்டுகள் சைக்கிள் ஓட்டியவருக்கும் தொடக்கத்தில் தொடை சோரும். நீட்டிய காலால் தள்ளும்போது தசைகள் வேறு விதத்தில் உழைக்கின்றன. அவை பழகச் சில வாரங்கள் ஆகும்.

சாலைக்கு வந்ததும் வேறு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இருசக்கர வண்டி ஒரே தடத்தில் குழியைத் தவிர்த்துப் போய்விடும். டிரைக்குக்கு மூன்று தடங்கள். ஒரு சக்கரம் தப்பினாலும் இன்னொன்று விழலாம். வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்காமல் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். பார்வை மறைந்த சந்திப்பில் ஓட்டுபவரின் கண்ணுக்கு ஒரு மீட்டர் முன்னதாகவே பாதமும் பெடலும் சாலைக்குள் நீண்டுவிடும்; ஆகவே முன்கூட்டியே நின்று, செவியையும் பயன்படுத்திய பிறகே நகர வேண்டும்.

இரண்டாம் பாடம்: காற்று

கணவாய் காற்றுக்கும் வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கோவைப் பக்கம் பாய்கிறது. பனிக்கால மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் இறங்குகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது இதனால்தான்.

காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், உடல் உணரும் காற்று 36 கி.மீ. வேகம், தடை நான்கு மடங்கு. நிமிர்ந்து அமரும் சைக்கிளில் இந்தக் காற்றை மட்டும் எதிர்க்கவே ஏறத்தாழ 170 வாட் ஆற்றல் வேண்டும். பயிற்சியில்லாதவர் அதை நெடுநேரம் தர முடியாது. சாய்ந்த உடலின் முகப்புப் பரப்பு சிறியது. டிரைக்கில் அதே வேகத்துக்குச் சுமார் 115 வாட் போதும். பக்கக்காற்று அடித்தாலும் மூன்று சக்கரங்கள் மீது நிற்கும் வண்டி தடுமாறுவதில்லை. கணவாய்ச் சாலையில் டிரைக்கின் தனிப் பலம் இதுதான். மாறாக மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, சாலையின் வெப்பம் தாழ்ந்த இருக்கையை நேராகத் தாக்கும். நீட்டிய உடல் முழுவதும் வெயிலுக்கு நேரே கிடக்கும். அந்த மாதங்களில் அதிகாலை மட்டுமே ஏற்றது.

மூன்றாம் பாடம்: ஏற்றம்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்குள் ஏறும் சாலைகளில் போடிமெட்டுச் சாலை புகழ்பெற்றது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறி, எல்லையைத் தொட்டு, மூணாறு நோக்கிப் போகிறது. கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும், லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கும் ஏறும் சாலைகள் அதே சரிவின் மற்ற வழிகள். தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் போய்வரும் பாதைகள் இவை.

ஏற்றத்தில் கணக்கு எளிமையானது. ஓட்டுபவர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று கொள்ளலாம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சரிவில் மேலே இழுக்க, உருளல் தடையையும் சேர்த்து, ஏறத்தாழ 75 நியூட்டன் விசை வேண்டும். நிதானமாக 100 வாட் தரக்கூடிய ஒருவர் அப்போது நொடிக்கு 1.33 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் ஏறுவார். நடக்கும் வேகம்தான் அது. இருசக்கர சைக்கிளில் அந்த வேகத்தில் நேராகப் போவதே பெரும்பாடு. ஹேண்டில் ஆடும், கால் தரைக்கு வரும். டிரைக்கில் சிக்கலே இல்லை. நடு ஏற்றத்தில் நின்று, பிரேக்கைப் பூட்டி, இருக்கையிலேயே இளைப்பாறி, தண்ணீர் குடித்து, அதே இடத்திலிருந்து மறுபடி கிளம்பலாம்.

அதற்கேற்ற கியர் மட்டும் அமைய வேண்டும். ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள பின்சக்கரத்துக்கு முன்னே 30 பல், பின்னே 34 பல் என்று வைத்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 1.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மேலே கண்ட 4.8 கி.மீ. வேகம் வந்துவிடும். மலைக்குப் போகிறவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பல் கணக்கையே. எடை கூடுதல் என்பதால் டிரைக் ஏற்றத்தில் நல்ல இருசக்கர சைக்கிளைவிட மெதுவாகத்தான் போகும். மழையில் நனைந்த செங்குத்துச் சரிவிலும் ஜல்லியிலும் ஒற்றைப் பின்சக்கரம் வழுக்கலாம். மூட்டையைப் பின்சக்கரத்தின் மேல் கட்டினால் பிடிப்பு கூடும்.

மோட்டார் துணை விரும்புபவர்கள் விதியை அறிந்திருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மின்மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைந்த உச்ச வேகமும் கொண்டு, எடை, சான்று பற்றிய பிற நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் வண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை.

நான்காம் பாடம்: இறக்கம்

டிரைக்கில் உண்மையான ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. சாயாத வண்டி வளைவில் கவிழக்கூடும். இரு முன்சக்கரங்களுக்கு இடையே 75 செ.மீ. அகலமும், ஆளும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 45 செ.மீ. உயரமும் உள்ள டிரைக்கில், வளைவின் பக்க முடுக்கம் புவியீர்ப்பின் பாதியைத் தாண்டியதும் உள்பக்கச் சக்கரம் எழும் நிலை நெருங்குகிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் அந்த எல்லை மணிக்கு 25 கி.மீ. இறக்கத்தில் மிதிக்காமலே வண்டி அதைத் தாண்டிவிடும். பக்க முடுக்கம் வேகத்தின் இருமடியாக மாறுவதால், வேகத்தை 15 கி.மீ.-க்குக் குறைத்தால் விசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் பிடியைத் தளர்த்தி, உடலை உள்பக்கம் சாய்த்து எடுப்பதே முறை. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு மிகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எதிரே பேருந்து வந்தால் அது முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், வளைவுக்கு முன்பே ஒதுங்கி வழிவிட வேண்டும்.

பிரேக்கின் வெப்பம் அடுத்த கவலை. நூறு கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது சுமார் பத்து லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகச் சேரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. சூடேறிய பிரேக்கின் பிடிப்பு குறையும். இடைவிடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதைவிட, அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு ஆறவிட்டு, மறுபடி அழுத்துவது நல்லது. சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்திச் சில நிமிடங்கள் ஆற விடலாம். இறங்கத் தொடங்கும் முன் பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்ப்பது கட்டாயம்.

மலையில் பருவமும் இடமும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடுக்கியில் கனமழையும் மண்சரிவும் மூடுபனியும் சேர்ந்து வரும். தாழ்ந்த வண்டி பனியில் மறைந்தே போகும். மறையூரிலிருந்து சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலை அழகானது. ஆனால் அது யானைகள் கடக்கும் காடு. டிரைக்கைச் சட்டெனப் பின்னால் எடுக்கவோ திருப்பவோ முடியாது. இருக்கையிலிருந்து எழவும் நேரம் பிடிக்கும். அங்கே தனியாகவும் அந்தி நேரத்திலும் போகக் கூடாது. அகலப்படுத்தப்பட்ட மூணாறு–போடிமெட்டுச் சாலை, பழகியவர்களுக்கு விடுமுறை நெரிசல் இல்லாத காலை வேளைகளில் ஏற்றது.

வாங்குவதும் பராமரிப்பதும்

வெளிநாட்டில் தரமான டிரைக்கின் விலை நம் கணக்கில் லட்சம் ரூபாயைத் தாண்டும். கப்பல் கூலியும் வரியும் தனி. வாங்கும் முன் உதிரிபாகத்தை நினைக்க வேண்டும். பின்கியர், செயின், பிரேக் கம்பி ஆகியவை சாதாரண சைக்கிளுக்கு உரியவையே. நகரத்துச் சைக்கிள் கடைகளில் கிடைக்கும். டயர் மட்டும் கவனம் தேவை. 20 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் ரிம்மின் உள்ளளவு வேறுபடும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 406 என்ற மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்துத்தான் மாற்று வாங்க வேண்டும். முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் டயர் விரைவில் தேய்ந்துவிடும். அந்த அளவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நீண்ட செயின் மலைச் சேற்றையும் சமவெளிப் புழுதியையும் அதிகம் ஏற்றுக்கொள்ளும் என்பதால் துடைப்பதும் எண்ணெய் இடுவதும் கூடுதல் வேலை. ஏறக்குறைய 80 செ.மீ. அகலமுள்ள வண்டி வீட்டு வாசலில் நுழையுமா என்பதையும் முன்பே அளந்துகொள்வது நல்லது.

யாருக்கு ஏற்றது

முதுகு வலி, மணிக்கட்டு வலி, தலைச்சுற்றல், வயது காரணமான தடுமாற்றம் ஆகியவற்றால் சைக்கிளைக் கைவிட்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு டிரைக்கில் மீண்டும் தொடங்கலாம். நெரிசலான நகரத் தெருக்களில் தினமும் சந்துக்குள் புகுந்து போக வேண்டியவருக்கு இது ஏற்ற வண்டி அல்ல. மற்றவர்கள் வரிசையை மாற்றாமல் கற்றுக்கொள்ள வேண்டும்: முதலில் மைதானம், பிறகு கணவாயின் கிளைச்சாலைகள், அதன் பின் காற்று, அதற்கும் பின் ஏற்றம், கடைசியாக இறக்கம். சமநிலை காக்கும் வேலையை வண்டி ஏற்றுக்கொள்கிறது. வளைவின் வேகத்தையும் பிரேக்கையும் பின்னால் வரும் வாகனத்தையும் கவனிக்கும் பொறுப்பு எப்போதும் ஓட்டுபவருடையது.